ஏரோசாலை அளக்க விமானம் எதற்கு? செயற்கைக்கோளும் தரை நிலையமும் போதாதா?

மழைக்காகம்:
வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு ஏரோசாலை, அதாவது காற்றில் மிதக்கிற நுண்துகள்களை எடுத்திருக்கிறேன். தரையில் எவ்வளவு இருக்கிறது என்று பி.எம். 2.5 மானி (2.5 மைக்ரோமீட்டருக்குள் உள்ள துகள்களை அளப்பது) சொல்லிவிடுகிறது. மேலிருந்து பார்த்து மோடிஸ் செயற்கைக்கோள் ஏ.ஓ.டி. எண் தருகிறது, அதுவும் இலவசமாக. இரண்டும் கையில் இருக்கும்போது, பெரும் செலவில் விமானத்தில் கருவிகளை ஏற்றி, 500 மீட்டரில் ஒரு ஓட்டம், 1,000 மீட்டரில் ஒரு ஓட்டம் என்று பறந்து அளப்பது எதற்கு? 2006இல் இஸ்ரோ நடத்திய ஐகார்ப் ஆய்வில் சென்னையிலிருந்தும் விமானம் கிளம்பியது என்று எங்கள் சார் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. வைவாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்காற்று:
தம்பி, ஏ.ஓ.டி. என்பது தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை உள்ள எல்லாத் துகளும் சேர்ந்து எவ்வளவு ஒளியை மறிக்கின்றன என்பதற்கான ஒரே எண். மளிகைக் கடை பில்லில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் எப்படியோ, அப்படி. 0.5 என்று வந்தால், அது முழுக்க முதல் ஒரு கிலோமீட்டருக்குள் கிடக்கிறதா, பாதி 4 கி.மீ. உயரத்தில் தொங்குகிறதா என்று அந்த எண்ணிலிருந்து எடுக்கவே முடியாது. தரை மானிக்கோ தன் மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும்.

உயரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அடுத்து கேட்பார்கள். கரித்துகளை எடுத்துக்கொள். அது மேகத்துக்குக் கீழே இருந்தால் அதற்குக் கிடைக்கிற வெயிலே கொஞ்சம். அதே துகள் வெள்ளை மேகத்துக்கு மேலே இருந்தால், மேலிருந்து வருகிற வெயிலையும் உறிஞ்சும், மேகத்தில் பட்டுத் திரும்புகிற வெயிலையும் உறிஞ்சும். இன்னொன்று, மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. 5.5 கி.மீ. உயரத்தில் தரையில் இருப்பதில் சுமார் 57 சதவீதம்தான். ஆகவே ஒரே அளவு வெப்பம் ஒரே தடிமனுள்ள அடுக்கில் இறங்கினால், அங்கே வெப்பநிலை ஏறுவது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. மேலே சூடு, கீழே தரைக்கு வெயில் குறைவு. இரண்டும் சேர்ந்தால் காற்று மேலெழும்புவதே மட்டுப்படும். மழை மேகம் கட்டுவதுவரை இதன் பாதிப்புப் போகும்.

ஐகார்ப் விஷயத்துக்கு வருகிறேன். 2006 மார்ச் முதல் மே வரை கப்பல், தரை நிலையங்கள், விமானம் மூன்றும் சேர்ந்து நடந்தது. புவனேஸ்வர், சென்னை, திருவனந்தபுரம், கோவா உள்ளிட்ட ஊர்களிலிருந்து விமானம் பறந்தது. அந்தப் பறப்புகளில் லைடார் (லேசர் ஒளியை அனுப்பி, துகளில் பட்டுத் திரும்புவதை உயரவாரியாகப் பார்க்கிற கருவி) தந்த அளவைகளை வைத்து எஸ்.கே. சதீஷ் குழு 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இந்தியப் பகுதியில் ஏரோசாலின் ஒளி மறிப்பில் பாதிக்கும் மேல் தாழ்மேகங்களுக்கு மேலே இருக்கிற இடங்கள் உண்டு என்பது அதன் சாரம். தரை மானி எத்தனை வைத்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. வைவாவில் இதை முதலில் சொல்.

கணக்குப்பிள்ளை:
நல்ல விளக்கம். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்களே, லைடார் என்று. உயரம் தெரியவேண்டும் என்பதுதான் பிரச்சினை என்றால், அதை லைடார் விண்வெளியிலிருந்தே செய்கிறது. கலிப்ஸோ செயற்கைக்கோள் 2006 முதல் 2023 வரை உலகம் முழுக்க உயரவாரியாக ஏரோசால் அடுக்குகளைக் காட்டியது. ஒரு விமானம் ஒரு மாதத்தில் பறக்கிற தூரத்தை அது ஒரு நாளில் கடந்துவிடும். பொதுப்பணத்தில் நடக்கிற ஆராய்ச்சி இது. விமானத்துக்குப் போகிற பணத்தில் தரையில் இருபது லைடார் நிறுத்தலாம் என்று ஒருவர் வாதிட்டால் என்ன பதில்? விதண்டாவாதத்துக்காகக் கேட்கவில்லை. நிதி ஒதுக்குகிற கமிட்டியில் இதைத்தான் கேட்பார்கள்.

கடல்காற்று:
கேட்கவேண்டிய கேள்விதான் சார். லைடார் அளப்பது திரும்பி வருகிற ஒளியை. நமக்கு வேண்டியது மறிக்கப்பட்ட ஒளி. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரு விகிதத்தை ஊகித்துப் பெருக்குகிறார்கள், அதற்கு லைடார் விகிதம் என்று பெயர். கலிப்ஸோவின் நான்காம் பதிப்புக் கணக்கில், 532 நானோமீட்டர் அலைநீளத்தில், சுத்தமான கடல் காற்றுக்கு அது 23. புகைக்கு 70. அதாவது வந்து சேர்ந்த ஒளி ஒன்றேதான், "இது கடல் உப்பு" என்று நினைத்தால் ஒரு விடை, "இது புகை" என்று நினைத்தால் மூன்று மடங்கு விடை. எது என்று சொல்ல யாராவது அந்த அடுக்குக்குள் போய்க் காற்றைப் பிடித்துப் பார்த்திருக்கவேண்டும்.

இரண்டாவது, மறிக்கப்பட்ட ஒளியில் எவ்வளவு சிதறியது, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பது. பூமியைக் குளிர்விக்குமா சூடாக்குமா என்பதே இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது. கலிப்ஸோ மாதிரி லைடாரால் இதை நேராகச் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் ஒளிக்கு ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். லைடாரும் பார்க்காது, மோடிஸும் பார்க்காது. ஆனால் அவைதான் வளர்ந்து மேகத்துளிக்கு விதையாகின்றன. நாசாவின் ஆட்டம் (ATom) என்ற ஆய்வில் டிசி-8 விமானம் 2016 முதல் 2018 வரை நான்கு பருவங்களில் பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் வடக்கு தெற்காகச் சுற்றியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டருக்கு இறங்குவது, 12 கி.மீ.க்கு ஏறுவது, மறுபடி இறங்குவது என்று வழி முழுக்க இதே வேலை. அப்படிப் போனதில், வெப்பமண்டலக் கடல்களுக்கு மேல் உச்ச அடிவளி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் கீழடுக்கினுடைய மேல்பகுதியில்) மிகச் சின்னத் துகள்கள் புதிதாகப் பெருமளவில் பிறப்பது தெரியவந்தது. அவை மெல்ல இறங்கும்போது வளர்ந்து, கீழே உள்ள மேகங்களுக்கு விதையாகின்றன என்று 2019இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். எந்தச் செயற்கைக்கோளிலும் இது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

கமிட்டிக்கு இன்னொரு உதாரணம். 2009இல் ஹிப்போ என்ற ஆய்வில் ஜி.வி. விமானம் பசிபிக் மேல் துருவத்துக்குத் துருவம் பறந்து கரித்துகளை அளந்தது. முதல் சுற்றின் அளவைகளை அன்றைய உலகக் காலநிலைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, மாதிரிகள் சராசரியாக ஐந்து மடங்கு அதிகமாகக் கரித்துகளைக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. மழை கரித்துகளைக் கழுவி இறக்குவதை மாதிரிகள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியமான சந்தேகம். எதிர்கால வெப்பநிலையைக் கணிக்க நம்பியிருக்கிற மாதிரிகள் அவை. அந்த ஐந்து மடங்கைக் கண்டுபிடிக்க எத்தனை பறப்பு ஆனாலும் தகும் என்பேன்.

மழைக்காகம்:
அக்கா, மிக்க நன்றி. ஒரு சின்ன சந்தேகம். விமானம் வேகமாகப் போகிறது. வெளியே இருக்கிற காற்றை உள்ளே இருக்கிற கருவிக்கு எப்படிக் கொண்டுவருகிறார்கள்? சும்மா ஒரு குழாயை வெளியே நீட்டினால் போதுமா?

சேகரன்_விமானப்பொறி:
இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆய்வுக்கு மாற்றியமைத்த விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் அலுமினியத் தகடு போட்டு, அதிலிருந்து குழாய் வெளியே நீளும். தகட்டைத் துளைப்பது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு துளைக்கும் கட்டமைப்புக் கணக்கு, ஒப்புதல், சோதனைப் பறப்பு உண்டு.

குழாயை எங்கே வைப்பது என்பதே பெரிய வேலை. இறக்கை விசிறி சுற்றுகிற தளத்துக்குப் பின்னால் வைத்தால் என்ஜின் புகையும் கலங்கிய காற்றும் வரும். விமானத்தின் உடலை ஒட்டி ஒரு மந்தமான காற்றுப்படலம் ஓடும், மூக்கிலிருந்து வால் பக்கம் போகப்போக அது தடித்துக்கொண்டே போகும். குழாயின் வாய் அந்தப் படலத்தைத் தாண்டி வெளியே இருந்தால்தான் தொடப்படாத காற்று கிடைக்கும். அதனால்தான் படங்களில் பார்த்தால், கூரையிலோ ஜன்னலிலோ ஒரு தண்டு எழும்பி, நுனியில் மூக்கு மாதிரி முன்னோக்கி வளைந்திருக்கும்.

ஓட்டுகிறவருக்கும் இது சாதாரணப் பறப்பு இல்லை. ஒரே உயரத்தில் பத்து நிமிடம் நேராக, வேகம் மாறாமல், சாயாமல் போகவேண்டும். விநாடிக்கு 100 மீட்டர் வேகம் என்றால் அதற்குள் 60 கி.மீ. கடந்துவிடும். பிறகு அடுத்த உயரம், திரும்பி அதே கோட்டில். இதற்கெல்லாம் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் முன்கூட்டிச் சொல்லி அந்தந்த உயரத்துக்கு அனுமதி வாங்கவேண்டும். நெரிசலான விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் நடுவில் "உயரம் மாற்று" என்று உத்தரவு வரும், அந்த ஓட்டம் அவ்வளவுதான். ஆட்டம் பற்றி அந்தப் பெண் எழுதியிருந்தார். தரைக்கு மேல் மிகத் தாழ்வாக இறங்க வழியில்லாத இடங்களில், ஓடுபாதைக்கு இறங்குவதுபோல் வந்து, சக்கரம் தொடாமல் மறுபடி மேலேறுவார்கள். கீழடுக்குக் காற்றைப் பிடிக்க அது ஒரு வழி.

கடல்காற்று:
சேகரன் ஐயா, நீங்கள் எழுதியது எங்கள் பக்கம் யாரும் எழுதாத பாதி. நன்றி ஐயா. குழாய்க்கு உள்ளே நடப்பதை நான் சொல்கிறேன். நான் பல வருடம் பார்த்த வேலை அதுதான்.

தம்பி, குழாய் வாயில் காற்று நுழைகிற வேகமும் வெளியே விமானத்தைக் கடக்கிற காற்றின் வேகமும் ஒன்றாக இருக்கவேண்டும். உள்ளே உறிஞ்சுகிற வேகம் குறைவாக இருந்தால், காற்று வாயருகே விலகி வெளியே வழியும். சின்னத் துகள் காற்றோடு விலகிப் போகும். பெரிய துகளுக்குத் திரும்ப நேரமில்லை, நேராக வாய்க்குள் வந்து விழும். விளைவு, பெரிய துகள் உண்மையைவிட அதிகமாக எண்ணப்படும். உறிஞ்சு வேகம் கூடினால் நேர் எதிர், பெரிய துகள் குறைந்து காட்டும்.

சரி, வாயில் வேகத்தைப் பொருத்திவிட்டோம். கருவிக்கு வேண்டிய காற்றோ விநாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் ஓடவேண்டிய மெல்லிய ஓட்டம். 100 மீட்டரிலிருந்து அந்த வேகத்துக்கு இறக்க, குழாயை மெல்ல அகலப்படுத்துவார்கள். அங்கே ஓட்டம் கலங்கிச் சுழலும். சுழலில் பெரிய துகள்கள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலைவனத் தூசியையும் கடல் உப்பையும் விமானங்கள் குறைத்து அளந்துகொண்டிருந்ததற்கு இது முக்கியக் காரணம். 2000ஆம் ஆண்டு கரீபியனில் பெல்ட்டி என்று ஒரு ஆய்வே இதற்காக நடந்தது. சி-130 விமானத்தில் வெவ்வேறு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே காற்றை அளந்து பார்த்தார்கள். அதில் ஒன்றின் சுவர் முழுக்க நுண்துளைகள். அந்தத் துளைகள் வழியாகச் சுவரை ஒட்டிய காற்றை வெளியே இழுத்துவிட்டால் ஓட்டம் கலங்காது. அந்தக் குழாயில் பெரிய துகள்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின.

இன்னும் இரண்டு உண்டு. ஓடுகிற காற்றைத் திடீரென்று நிறுத்தினால் அது சூடாகும். விநாடிக்கு 100 மீட்டருக்கு 5 டிகிரி, 200 மீட்டருக்கு 20 டிகிரி. வேகம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. ஈரத்தைக் குடித்து உப்பியிருந்த துகள் குழாய்க்குள்ளேயே காய்ந்து சுருங்கிவிடும். வெளியே ஒளியை மறித்த துகளின் அளவு வேறு, கருவி பார்க்கிற அளவு வேறு. அடுத்தது மேகம். மேகத்துக்குள் நுழைந்தால் நீர்த்துளிகள் குழாய் விளிம்பில் மோதி ஆயிரக்கணக்கில் சிதறும். துகள் எண்ணிக்கை மானி திடீரென்று வானத்துக்கு எகிறும். அந்தப் பகுதியைச் சாதாரணமாகக் கழித்துவிடுவோம்.

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்க சில கருவிகளை இறக்கைக்குக் கீழேயே தொங்கவிடுவார்கள். பி.கேஸ்ப் என்ற கருவி அப்படித்தான். லேசர் ஒளிக்கற்றையைத் துகள் கடக்கும்போது சிதறுகிற ஒளியை வைத்து, 0.1 முதல் 3 மைக்ரோமீட்டர் வரை அளவுவாரியாக எண்ணும். கரித்துகளுக்கு எஸ்.பி.2 கருவி கேபினுக்குள் இருக்கும். அகச்சிவப்பு லேசரில் துகள் ஒவ்வொன்றும் வெந்து ஒளிரும், அந்த ஒளிர்வுதான் அதில் எவ்வளவு கரி என்று சொல்லும். மேலே கோர்த்திருக்கிற சல்பேட், நைட்ரேட் பூச்செல்லாம் முதலில் ஆவியாகிவிடும், கரி மட்டும் கடைசியில் பளிச்சென்று எரியும். ஒற்றைத் துகளைப் பார்த்து எடைபோடுகிற இப்படி ஒரு கருவி கிடைத்த பிறகுதான் ஹிப்போ மாதிரி ஆய்வுகளே சாத்தியமாயின.

யாழ்_நிலவன்:
வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில இருந்து. இழையை முழுக்க வாசிச்சன், நல்லா விளங்குது. எங்கட பக்கம் மார்கழி, தை மாதங்களில வாடைக்காத்து அடிக்கேக்க சில நாள் தூரத்துப் பனையெல்லாம் மங்கலாத் தெரியும். பனி எண்டு சனம் சொல்லுது. எனக்கு அது பனி மட்டும் எண்டு படேல்லை. மாலைதீவில விமானம் விட்டு அளந்தவை எண்டு எங்கேயோ வாசிச்ச ஞாபகம். அந்தக் கதையையும் கொஞ்சம் விளங்கப்படுத்துவியளா?

கடல்காற்று:
கட்டாயம் தம்பி. அது இண்டோயெக்ஸ், 1999 ஜனவரி முதல் மார்ச் வரை. தலைமை வகித்தவர்கள் பால் குருட்சன், வீ. ராமநாதன். ராமநாதன் சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். மாலைதீவைத் தளமாக வைத்துக்கொண்டு சி-130, சைட்டேஷன் விமானங்கள், இந்தியாவின் சாகர் கன்யா கப்பல், அமெரிக்காவின் ரொனால்ட் பிரவுன் கப்பல், காஷிதூ தீவில் தரை நிலையம் என்று இந்தியப் பெருங்கடலையே சுற்றி வளைத்த ஆய்வு அது.

நீ சொல்கிற வாடைக்காற்றுதான் அதன் கதாநாயகன். அந்த மாதங்களில் காற்று துணைக்கண்டத்திலிருந்து கடல் பக்கம் வீசும். விறகு, சாணவறட்டி, டீசல், நிலக்கரி எல்லாவற்றின் புகையும் அதோடு வரும். வடஇந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியில் அந்தப் பழுப்புப் புகைமூட்டத்தைப் பார்த்தார்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3 கி.மீ. உயரம் வரை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இரு அரைக்கோளக் காற்றும் சந்திக்கிற மழைப்பட்டையைத் தாண்டியதும் காற்று சுத்தமாகிவிடும்.

உயரம் இங்கேயும் முக்கியம். பகலில் நிலத்தின் மேல் காற்று 2, 3 கி.மீ. வரை கலங்கி, புகை அவ்வளவு உயரத்துக்கும் பரவும். அது கடலுக்கு மேல் வரும்போது, கடலை ஒட்டிய குளிர்ந்த அடுக்கு ஒரு கி.மீ. கூட இருக்காது. மேலே இருந்த புகை அந்தக் குளிர் அடுக்கின்மேல் ஏறிச் சவாரி செய்துகொண்டு போய்விடும். தீவில் நிற்கிற தரை மானி "பரவாயில்லை" என்று காட்டுகிற நாளில்கூட, தலைக்கு மேல் ஒன்றரைக் கிலோமீட்டரில் அடர்த்தியான புகை ஓடிக்கொண்டிருக்கலாம். உன் ஊர்ப் பனை மங்குவதற்கு ஈரப்பதமும் காரணம், அது உண்மை. ஈரத்தில் துகள் உப்பும், உப்பினால் ஒளியை அதிகம் மறிக்கும். பனியும் புகையும் அங்கே ஒன்றுக்கொன்று துணை.

2006 மார்ச்சில் ராமநாதன் குழு மாலைதீவுக்கே திரும்பி வந்து இன்னொன்று செய்தது. ஆளில்லா விமானம் மூன்று, ஹனிமாதூ தீவிலிருந்து. ஒன்று மேகத்துக்குக் கீழே, ஒன்று மேகத்துக்குள், ஒன்று மேலே. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கடந்தன. கருவிகளின் எடை ஒவ்வொன்றிலும் 5 கிலோவுக்குள். மேல் விமானத்தில் கீழ்நோக்கி வருகிற வெயிலும் மேல்நோக்கித் திரும்புகிற வெயிலும் அளந்தாகிவிட்டது. கீழ் விமானத்திலும் அதே இரண்டு. நான்கு எண்ணையும் கழித்துக் கூட்டினால், இரண்டு விமானங்களுக்கும் நடுவில் உள்ள காற்று எவ்வளவு வெயிலை விழுங்கியது என்று நேரடியாக வந்துவிடும். ஊகம் இல்லை, கணினி மாதிரி இல்லை. அந்தப் பழுப்பு மூட்டம் கீழ் வளிமண்டலத்தில் வெயிலால் ஏறுகிற சூட்டை சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று 2007 ஆகஸ்டில் நேச்சரில் வெளியிட்டார்கள். இமயமலைப் பக்கம் பனியாறுகள் உருகுவதில் பசுங்குடில் வாயுக்களோடு இந்தக் கரிப்புகைக்கும் பங்கு உண்டு என்ற வாதத்துக்கு அந்த அளவை பெரிய பலம்.

கணக்குப்பிள்ளை:
கடைசிப் பத்தி என் கேள்வியையே பலப்படுத்துகிறது. ஆளில்லாச் சிறு விமானத்திலேயே முடிந்தது என்றால், பெரிய விமானம் எதற்கு? இப்போது ட்ரோன் எல்லாம் மலிவாகிவிட்டது. பலூனும் இருக்கிறது. 2010 மார்ச்சில் ஹைதராபாத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து விட்ட பலூன் கரித்துகளை அளந்ததே. 4.5 கி.மீ.யில் ஒரு செறிவான அடுக்கு, 8 கி.மீ.க்கு மேலே இன்னொன்று என்று கண்டார்கள். அதற்கு விமானம் தேவைப்படவில்லை.

கடல்காற்று:
அந்த பலூன் ஆய்வு எனக்கும் பிடித்தது சார். ஆனால் பலூன் போகிற இடத்துக்குத்தான் அளவை கிடைக்கும், நமக்கு வேண்டிய இடத்துக்கு அல்ல. ஒரு அடுக்கைப் பார்த்ததும் "நில், இதே உயரத்தில் இன்னும் 50 கி.மீ. போய்ப் பார்ப்போம், இது எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது" என்று பலூனிடம் சொல்ல முடியாது. ஏறும் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்று வைத்தாலும் ஒரு கிலோமீட்டரைச் சில நிமிடத்தில் கடந்துவிடும். சுத்தமான மேலடுக்கில் அந்த நேரத்துக்குள் கருவிக்குள் போகிற துகள்கள் கொஞ்சம். எண்ணிக்கை குறைந்தால் பிழை கூடும்.

ட்ரோனுக்கு வேறு வரம்பு. நம் நாட்டின் 2021 ட்ரோன் விதிகளில், கட்டுப்பாடு குறைந்த பச்சை மண்டலத்தில்கூட முன் அனுமதி இல்லாமல் 120 மீட்டர்தான். அனுமதி வாங்கினாலும் எஸ்.பி.2 மாதிரி, துகளின் வேதியியலைச் சொல்கிற நிறைமாலைமானி மாதிரி கருவிகளை அது தூக்காது. மாலைதீவில் சாத்தியமானதற்குக் காரணம், கேள்வி மிகக் கூர்மையாக இருந்தது: எவ்வளவு வெயில் விழுங்கப்படுகிறது? அதற்கு வேண்டிய கருவி சின்னது. "இந்தத் துகள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் பெரிய விமானம்தான்.

சேகரன்_விமானப்பொறி:
வெயில்மானி சின்னதுதான். ஆனால் அது கிடைமட்டமாக இருக்கவேண்டும். விமானம் சில டிகிரி சாய்ந்தாலே, சூரியன் தாழ்ந்த நேரத்தில் அளவு நன்றாக மாறிவிடும். சாய்வைத் தனியாகப் பதிவுசெய்து கழிக்கவேண்டும். மூன்று சிறு விமானத்தை அவ்வளவு நேராக, அடுக்கி, ஒரே கோட்டில் ஓட்டியது சாமானிய வேலை இல்லை. செய்தவர்களுக்குத் தலை வணங்குகிறேன்.

யாழ்_நிலவன்:
8 கிலோமீட்டரில கரித்துகள் எப்பிடிப் போச்சுது? அடுப்புப் புகை அவ்வளவு உயரத்துக்கு ஏறுமே?

கணக்குப்பிள்ளை:
பயணிகள் விமானங்கள்தான் என்று ஒரு கருத்து உண்டு தம்பி. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. சார்ந்த குழு 2017இல் அப்படி ஒரு கட்டுரை எழுதியது. எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. 8 முதல் 12 கி.மீ.யில் நேரடியாகக் கரியைக் கொட்டுகிற வேறு எது இருக்கிறது?

கடல்காற்று:
அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை சார். விமான என்ஜின்கள் விடுகிற கரி, தரையில் எரிகிற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் மிகச் சிறியது. இன்னொரு வழியும் உண்டு. இடிமேகங்கள் கீழ்க்காற்றை அரை மணி நேரத்தில் 10 கி.மீ.க்கு மேல் தூக்கிவிடும். நடுவில் மழை கழுவியது போக மிச்சம் மேலே தங்கும். அதோடு கரி வெயிலை உறிஞ்சுவதால் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றோடு தானும் மெல்ல உயரும். ஹைதராபாத் குழுவே தன் கட்டுரையில் இந்தச் சாத்தியத்தை முன்வைத்தது. எது எவ்வளவு என்று தீர்க்க வேண்டுமானால், அதே அடுக்கில் கரியோடு கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்து அளக்கவேண்டும். விறகுப் புகை என்றால் கார்பன் மோனாக்சைடு தூக்கலாக இருக்கும். ஜெட் புகை என்றால் அது குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு தூக்கல். இத்தனை கருவியும் ஒரே நேரத்தில் ஒரே காற்றை உறிஞ்ச ஒரே இடம்தான் உண்டு, விமானத்தின் கேபின்.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.டி.எம். 2009இல் தொடங்கிய கெய்பீக்ஸ் ஆய்வில் மேகமும் ஏரோசாலும் சேர்த்து அளக்கப்பட்டன. 2016இல் பருவமழை தொடங்குகிற நேரத்தில் பிரிட்டனின் பிஏஇ-146 விமானம் லக்னோவில் தங்கி, இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்து பறந்தது. ஆனால் முகாம் முடிந்ததும் விமானம் போய்விடுகிறது. கங்கைச் சமவெளிக்கு மேல் பருவம் தவறாமல், வருடா வருடம், ஒரே கோட்டில் பறக்கிற ஒரு விமானம் நம் நாட்டுக்கு வேண்டும். இருபது லைடாரும் வேண்டும் சார், இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த லைடார்களுக்கு எந்த விகிதத்தைப் போடுவது என்று சொல்ல இந்த விமானமும் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இந்தக் கடைசி வரியை கமிட்டியில் சொல்லலாம். லைடாருக்குத் துணையாக விமானம் என்றால் செலவுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. ஜெட் புகை விஷயத்தில் என் கருத்தை இன்னும் விடவில்லை, அந்த அளவைகள் வரட்டும்.

மழைக்காகம்:
அக்கா, ஆட்டம் ஆய்வின் தரவு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வக இணையதளத்தில் பொதுவில் கிடைக்கிறது, இறக்கிப் பார்த்தேன். ஒரு குழப்பம். ஒரு கோப்பிலிருந்து துகள் எண்ணிக்கையை எடுத்து உயரத்துக்கு எதிராக வரைந்தேன். 12 கி.மீ.யில் எண்ணிக்கை நான் எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு வருகிறது. கருவி அளந்தது அவ்வளவா?

கடல்காற்று:
கோப்பின் தலைப்பகுதியைப் பார். எண்ணிக்கை திட்ட வெப்பநிலை, திட்ட அழுத்தத்துக்கு மாற்றப்பட்டது என்று எழுதியிருக்கும். மேலே போகும்போது காற்று விரிவதால், துகள் எதுவும் குறையாமலே ஒரு கன சென்டிமீட்டரில் எண்ணிக்கை குறைந்துவிடும். வெவ்வேறு உயரங்களை நியாயமாக ஒப்பிட, எல்லாவற்றையும் 1,013 ஹெக்டோபாஸ்கல், 0 டிகிரிக்கு மாற்றிவிடுவார்கள்.

12 கி.மீ.யில் திட்ட வளிமண்டலக் கணக்கில் அழுத்தம் 194 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 217 கெல்வின். 194ஐ 1,013ஆல் வகுத்து, 273க்கும் 217க்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் 0.24 வரும். அங்கே நிஜமாக 100 துகள் இருந்தால் கோப்பில் ஏறக்குறைய 415 என்று இருக்கும். 5.5 கி.மீ.யில் இதே காரணி 0.54, அதாவது 100 என்பது 185 ஆகும். நீ பார்த்த நான்கு மடங்கு இதுதான்.

துகள் எங்கிருந்து வந்தது, மழையில் எவ்வளவு கழுவப்பட்டது என்று பார்க்க மாற்றிய எண்ணையே வை. அந்த உயரத்தில் ஒளி எவ்வளவு மறிக்கப்படுகிறது, மேகத்துளி எத்தனை உருவாகும் என்று பார்க்க, அங்கிருந்த அழுத்தத்துக்குத் திருப்பி மாற்று. இன்னொரு குழுவின் தரவோடு ஒப்பிடும்போது அவர்கள் 0 டிகிரி வைத்தார்களா, 20 வைத்தார்களா, 25 வைத்தார்களா என்றும் பார்த்துக்கொள். 0க்கும் 25க்கும் நடுவிலேயே 9 சதவீதம் போய்விடும். மேகத்துக்குள் போன விநாடிகளுக்கு ஒரு குறியீட்டு நிரல் இருந்தால், அந்த வரிகளை முதலில் நீக்கிவிட்டு வரைபடத்தை மறுபடி போடு. போட்டுவிட்டு இங்கே ஏற்று, பார்க்கிறேன்.